ஏழாயிரம் ரூபாய்க்கு அடகு போன வீடு

எங்கள் பள்ளியில் குஸ்திக்கென்று தனியாகக் கோதா இருந்ததில்லை. நீளம் தாண்டும் குழிதான் கோதா. தர்மபுரி மாவட்டத்தில், பாலக்கோட்டுப் பக்கத்தில் ஓர் அரசு உயர்நிலைப் பள்ளி, எண்பதுகளின் தொடக்கம். சின்னாற்றிலிருந்து மாட்டு வண்டியில் கொண்டுவந்து கொட்டிய மணல் அந்தக் குழியில் கிடந்தது. புதிதாக வந்த பி.டி. சார் அதை முழுக்க அள்ளிப் போடச் சொன்னார். ஏரிக்கரைச் செம்மண்ணை வெட்டி வந்து, கட்டி இல்லாமல் சலித்து நிரப்பச் சொன்னார். சலிக்கக் கம்பிச் சல்லடை அவர் வீட்டிலிருந்தே வந்தது. அதன் மேல் ஒரு குடம் மோர், ஒரு படி கடலெண்ணெய், இரண்டு கை மஞ்சள் தூள். நாங்கள் நான்கைந்து பேர் காலால் மிதித்துப் பிசைந்தோம். திங்கிற எண்ணெயை மண்ணில் ஊற்றுகிறாரே என்று ஊரில் பேசிக்கொண்டார்கள்.

எண்ணெயும் மோரும் மண்ணைப் புழுதி பறக்காமல் பதமாக வைக்கும், விழுந்தால் தோல் உரியாது. சிராய்த்தாலும் மஞ்சள் காயத்தைப் பார்த்துக்கொள்ளும் என்று அவர் விளக்கினார். கோலாப்பூர் தாலீம்களில் இப்படித்தான் மண்ணைப் பக்குவம் செய்வார்களாம். தாலீம் என்றால் அந்தப் பக்கத்துக் குஸ்திக் கூடம். சார் மிலிட்டரியிலிருந்து வந்தவர். புனே பக்கத்தில் சில வருடம் இருந்திருக்கிறார். கூட இருந்த மராட்டியச் சிப்பாய்கள் ஊர்த் திருவிழாக் குஸ்திகளுக்கு அவரை அழைத்துப்போய், கடைசியில் இவரையும் கோதாவில் இறக்கிவிட்டிருக்கிறார்கள். அவருடைய இடது காது கன்றி, ஓரம் தடித்து, உள்பக்கமாகச் சுருண்டிருக்கும். பிடியில் தலை மாட்டி மாட்டி உரசியதில் ரத்தம் கட்டிப் போன காது அது. வகுப்பில் அவர் திரும்பி நிற்கும்போதெல்லாம் நாங்கள் அந்தக் காதைத்தான் பார்த்துக்கொண்டிருப்போம்.

எங்களுக்கு அப்போது குஸ்தி என்றால் தாரா சிங், கிங் காங். அப்பா காலத்துக் கதைகள். சார் அதை ஒரே பேச்சில் தள்ளிவிட்டார். "அது டிக்கெட் போட்டுக் காட்டுற குஸ்தி. நான் சொல்றது ஒலிம்பிக்ஸ் குஸ்திடா. அதுல ரெண்டு வகை. ஒண்ணு கிரேக்கோ ரோமன், இடுப்புக்குக் கீழ தொடக் கூடாது. இன்னொண்ணு ஃப்ரீ ஸ்டைல், காலைப் பிடிக்கலாம், காலால வாரலாம். ரெண்டு தோளும் ஒண்ணாத் தரையில பட்டா ஆட்டம் முடிஞ்சுது."

அவர் எங்களுக்குச் சொல்லிக்கொடுத்த பிடிகளில் ஒன்றுக்கு மட்டும் மராட்டிப் பெயரையே வைத்திருந்தார்: டாக். வலது கையால் எதிராளியின் கழுத்தை வளைத்துக்கொள்ள வேண்டும். அவனுடைய வலது கையை நம் இடது கக்கத்தில் அடக்க வேண்டும். பிறகு இடுப்பை உள்ளே நுழைத்து ஒரு திருப்பு. சரியாகச் செய்தால் எதிராளி நம் இடுப்பின் மேல் சுழன்று மல்லாக்க விழுவான். தப்பாகச் செய்தால் நாம்தான் அடியில் இருப்போம். பெரும்பாலும் நான் அடியில்தான் இருந்தேன். மூக்கு நிறைய மண்ணும் மோர் வாடையும். "இந்தப் பிடியை வச்சுத்தான் ஜாதவ் லண்டனையும் ஹெல்சிங்கியையும் பார்த்துட்டு வந்தாரு" என்று சார் சொல்வார். ஜாதவ் யாரென்று நாங்கள் கேட்கவில்லை. சாரோடு பட்டாளத்தில் இருந்தவர் என்று நினைத்துக்கொண்டோம்.

1984 ஆகஸ்டில்தான் கேட்டோம். லாஸ் ஏஞ்சலஸ் ஒலிம்பிக்ஸில் பி.டி. உஷா 400 மீட்டர் தடை ஓட்டத்தில் ஒரு நொடியில் நூறில் ஒரு பங்கு வித்தியாசத்தில் வெண்கலத்தைத் தவறவிட்டார். டீக்கடையில் பேப்பரை ஆளுக்கொரு பக்கமாகப் பிரித்து வைத்துக்கொண்டு அதையே பேசினார்கள். அன்று பள்ளியில் சார் எங்களை ஓடவிடவில்லை, தண்டால் எடுக்கச் சொல்லவும் இல்லை. வேப்ப மரத்தடியில் உட்கார வைத்தார். "சுதந்திர இந்தியாவுல இதுவரைக்கும் தனி ஆளா ஒலிம்பிக்ஸ் மெடல் வாங்கினது ஒரே ஒருத்தர்தான். ஹாக்கி டீமை விட்டுடு. தனி ஆள். பேரு கஷாபா தாதாசாகேப் ஜாதவ்" என்று தொடங்கினார். மதியச் சாப்பாட்டு மணி அடித்த பிறகும் நாங்கள் எழுந்திருக்கவில்லை.

அன்று அவர் சொன்னதையும் பிற்பாடு நான் தேடிப் படித்துத் தெரிந்துகொண்டதையும் இப்போது பிரித்துச் சொல்ல முடியவில்லை. சேர்த்தே சொல்கிறேன்.

ஜாதவ் பிறந்தது 1926 ஜனவரி 15. மகாராஷ்டிரத்தில் சதாரா மாவட்டம், கராடு ஊருக்குப் பக்கத்தில் கோலேஷ்வர் என்ற கிராமம். அப்பாவே பயில்வான். ஐந்து பையன்களில் கடைசிப் பையனான இவருக்கு ஐந்து வயதிலேயே பிடி சொல்லிக்கொடுத்தார். ஆள் உயரம் கிடையாது, பெரிய உடம்பும் இல்லை. கராடில் பள்ளிப் படிப்பு, கோலாப்பூர் ராஜாராம் கல்லூரியில் மேற்படிப்பு. வெள்ளையனே வெளியேறு இயக்கக் காலத்தில் தலைமறைவாக இருந்தவர்களுக்கு இடம் கொடுத்தும் கடிதங்கள் கொண்டுபோயும் உதவினார்.

1948 லண்டன் ஒலிம்பிக்ஸுக்கு அவரை அனுப்பியது கோலாப்பூர் மகாராஜா கொடுத்த பணம். அதுவரை ஜாதவ் மண்ணில்தான் புரண்டிருக்கிறார். ஒலிம்பிக்ஸிலோ மேட், அதாவது மெத்தை விரிப்பு. மண்ணில் கால் விரல் புதைந்து பிடிமானம் கிடைக்கும். மேட்டில் நிற்கிற விதமே வேறு, வேகம் வேறு, சட்டதிட்டம் வேறு. அமெரிக்காவின் முன்னாள் வீரர் ரீஸ் கார்ட்னர் அங்கே அவருக்குப் பயிற்சி கொடுத்தார். ஃப்ளைவெயிட் பிரிவில் ஆறாவது இடம். முதன்முறை மேட் ஏறிய ஒரு கிராமத்துப் பையன் உலகத்தில் ஆறாவது. மெடல் இல்லாததால் ஊர் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. ஜாதவ் மட்டும் அடுத்த நான்கு வருடத்துக்கான வேலையைத் தொடங்கிவிட்டார்.

1952இல் நடந்தது நம் தமிழ்நாட்டுக்காரர்கள் கட்டாயம் தெரிந்துகொள்ள வேண்டிய விஷயம். அணித் தேர்வுக்கு முன் மதராஸில் நடந்த தேசியப் போட்டியில் தனக்கு வேண்டுமென்றே ஒரு புள்ளி குறைத்துப் போட்டு, நிரஞ்சன் தாஸ் என்பவரை முன்னே தள்ளிவிட்டார்கள் என்பது ஜாதவின் புகார். அதோடு வாயை மூடிக்கொண்டு ஊர் போயிருந்தால் கதையே இல்லை. இந்திய ஒலிம்பிக் சங்கத் தலைவராக இருந்த பாட்டியாலா மகாராஜாவிடம் போய் முறையிட்டார். மறுபடி ஒரு போட்டி வைத்தார்கள். ஜாதவ் நிரஞ்சன் தாஸைச் சில நொடிகளில் மல்லாக்கப் போட்டார். இந்த இடம் வரும்போது சார் எழுந்து நின்று, பக்கத்தில் இருந்த பையனின் கழுத்தில் கை போட்டுத் திருப்பிக் காட்டினார். அந்தப் பையன் எங்கள் பள்ளியிலேயே பெரிய உடம்புக்காரன். அவன் விழுந்த சத்தம் எனக்கு இன்னும் ஞாபகம் இருக்கிறது.

இடம் கிடைத்தது, காசு இல்லை. ஹெல்சிங்கி எங்கே, கராடு எங்கே. ஜாதவும் வீட்டாரும் ஊர் ஊராகக் கேட்டுப் போனார்கள். பம்பாய் மாகாண முதலமைச்சராக இருந்த மொரார்ஜி தேசாயிடம் நாலாயிரம் ரூபாய் கேட்டதாகவும், போட்டி முடிந்த பிறகு வந்து பார்க்கச் சொன்னதாகவும் சொல்கிறார்கள். கராடு கடைக்காரர்கள் முடிந்ததைக் கொடுத்தார்கள். கடைசியில் ராஜாராம் கல்லூரி முதல்வர் கர்டேகர் தன் சொந்த வீட்டை ஏழாயிரம் ரூபாய்க்கு அடமானம் வைத்து, அந்தப் பணத்தைத் தன் பழைய மாணவன் கையில் கொடுத்தார்.

எனக்கு இந்தக் கதை முழுவதிலும் பெரிய விஷயம் இதுதான். மெடலைவிட இதுதான் பெரியது என்று இன்றும் சொல்வேன். எங்கள் பக்கத்தில் நிலத்தை அடகு வைப்பார்கள், நகையை வைப்பார்கள். போர் போட, பெண்ணைக் கட்டிக்கொடுக்க, ஆஸ்பத்திரிச் செலவுக்கு. வீட்டுப் பத்திரம் வெளியே போவது கடைசிக் கட்டம். அப்படிப்பட்ட பத்திரத்தை, பெற்ற பிள்ளைக்காகக்கூட இல்லாமல், படிக்க வந்த ஒருவன் பின்லாந்துக்குப் போய்க் குஸ்தி போடுவதற்காக ஒரு வாத்தியார் கொடுத்தார். அந்த மனுஷனுக்குக் குஸ்தி தெரியுமா என்றுகூட எனக்குத் தெரியாது. மாணவனைத் தெரிந்திருக்கிறது.

ஹெல்சிங்கியில் ஜாதவ் பாண்டம்வெயிட், அதாவது 57 கிலோ பிரிவு. கனடாவின் போலிக்வின், மெக்சிகோவின் பசுர்தோ, ஜெர்மனியின் ஷ்மிட்ஸ் மூவரையும் வென்றார். பிறகு ஜப்பானின் ஷோஹாச்சி இஷி. நெடுநேரம் இழுத்த அந்த ஆட்டத்தில் தோற்றார். மூச்சு வாங்குவதற்குள் சோவியத் வீரர் ரஷீத் மம்மத்பேயவுடன் மோதக் கூப்பிட்டுவிட்டார்கள். இரண்டு ஆட்டங்களுக்கு நடுவே அரை மணி நேர ஓய்வு கொடுக்க வேண்டும் என்பது விதி. அதை எடுத்துச் சொல்லி வாதாட இந்திய அதிகாரி ஒருவரும் பக்கத்தில் இல்லை. களைத்த உடம்போடு இறங்கினார், தோற்றார். இஷிக்குத் தங்கம், மம்மத்பேயவுக்கு வெள்ளி, ஜாதவுக்கு வெண்கலம். அவரோடு போன இன்னொரு கோலாப்பூர்க்காரர் கேசவ் மாங்காவே ஃபெதர்வெயிட்டில் நான்காவது வந்தார். அவர் பெயரை இன்று யாரும் சொல்வதே இல்லை. அதனால் இங்கே எழுதிவைக்கிறேன்.

வெண்கலம் வாங்கிய நாள் 1952 ஜூலை 23. எங்கள் பகுதிக்கு அந்தத் தேதி ஏற்கெனவே சொந்தம். 1925இல் அதே ஜூலை 23 அன்றுதான் சுப்பிரமணிய சிவா பாப்பாரப்பட்டியில் உயிர் விட்டார். பள்ளி நாட்களில் பிரம்பு பிடித்த ஆசிரியர்களோடு வரிசையாகப் போய் அவர் நினைவிடத்தில் பூப்போட்டுவிட்டு வந்தது நினைவிருக்கிறது. தேதி ஒன்றாக இருப்பதை நான் கண்டது வேலைக்குப் போன பிறகு. சாரிடம் சொன்னபோது அவருக்கு அவ்வளவு சந்தோஷம்.

மெடலோடு கராடு ரயிலடியில் இறங்கிய ஜாதவை நூற்றுக்கு மேற்பட்ட மாட்டு வண்டிகள் கட்டி ஊர்வலமாக அழைத்துப் போனார்கள். கொஞ்சத் தூரம்தான், போய்ச் சேரப் பல மணி நேரம் ஆனதாம். வண்டி மாடுகளுக்குக் கொம்பு சீவி வண்ணம் பூசியிருப்பார்கள், எங்கள் மாட்டுப் பொங்கலைப் போலவே இருந்திருக்கும் என்று நாங்களாகவே கற்பனை செய்துகொண்டோம். ஊர்வலம் முடிந்ததும் ஜாதவ் செய்த முதல் காரியம் குஸ்திப் போட்டிகள் நடத்தியது. அதில் கிடைத்த பணத்தைக் கொண்டுபோய் முதல்வர் வீட்டை மீட்டுக் கொடுத்தார்.

சார் இந்தக் கதையைச் சொன்ன வருடமே எங்கள் பள்ளியில் ஒரு பையன் வட்டாரப் போட்டியில் ஜெயித்து, சேலத்துக்குப் போக வேண்டியிருந்தது. செங்கல் சூளையில் வேலை செய்யும் குடும்பத்துப் பையன். கூட நான்கு பேர், சார் ஒருவர். பஸ் கட்டணம், இரண்டு நாள் சாப்பாடு, பையனுக்கு ஒரு ஷூ. மேலிடத்தில் கேட்டதற்கு அப்படி ஒரு தலைப்பில் நிதியே இல்லை என்றார்கள். சந்தை நாளன்று சார் என் கையில் ஒரு நாற்பது பக்க நோட்டைக் கொடுத்தார். அவர் முன்னால் போய்க் கேட்பார், நான் பின்னால் பெயரும் தொகையும் எழுத வேண்டும். புளி வியாபாரி ஐந்து ரூபாய். நிலக்கடலை மண்டியில் பத்து. வளையல் கடை அம்மா ஒரு ரூபாய் கொடுத்துவிட்டு, "பேரெல்லாம் எதுக்கு சாமி" என்றார். சார் விடவில்லை, "எழுதுடா" என்றார். மாட்டுத் தரகர் ஒருவர் பையனை நேரில் பார்க்க வேண்டும் என்றார். கூப்பிட்டு நிறுத்தினோம். தோள்பட்டையை அமுக்கிப் பார்த்தார், கெண்டைக்காலைத் தட்டிப் பார்த்தார், இருபது ரூபாயை எடுத்து நீட்டினார். அன்றைய பெரிய தொகை அதுதான்.

சேலத்தில் பையன் முதல் சுற்றிலேயே தோற்றான். அங்கே மேட். அவன் வாழ்க்கையில் முதல் தடவையாக மேட்டில் நிற்கிறான். புது ஷூ வேறு. டாக் போடப் போய்க் கால் திரும்பவில்லை, அப்படியே பின்பக்கமாகச் சாய்ந்துவிட்டான். திரும்பி வரும் பஸ்ஸில் தொப்பூர் கணவாய் வரைக்கும் யாரும் பேசவில்லை. கணவாய் ஏறும்போது சார் சொன்னார்: "லண்டன்ல அவரும் இப்படித்தான் முதல்ல மேட்டைப் பார்த்தாரு. அதுக்கப்புறம் நாலு வருஷம்." பையனுக்கு நான்கு வருடம் கிடைக்கவில்லை. பத்தாம் வகுப்போடு பெங்களூருக்குக் கட்டட வேலைக்குப் போய்விட்டான். மறு சந்தையில் சார் அந்த நோட்டைத் தூக்கிக்கொண்டு ஒவ்வொரு கடையாகப் போய், பையன் தோற்றுவிட்டான் என்று சொல்லி, நன்றி சொல்லிவிட்டு வந்தார். பணம் கொடுத்த ஒருவர்கூட முகம் சுளிக்கவில்லை.

எங்கள் தமிழாசிரியர் இதையெல்லாம் பார்த்துவிட்டு ஒருநாள் குழிக்குப் பக்கத்தில் வந்து நின்றார். புறநானூற்றில் குஸ்தி இருக்கிறது தெரியுமா என்று கேட்டார். போர்வைக் கோப்பெருநற்கிள்ளி ஆமூர் மல்லனோடு பொருததைச் சாத்தந்தையார் என்ற புலவர் பாடியிருக்கிறார். ஒரு கால் மல்லனின் மார்பை அழுத்த, மறு கால் அவன் தந்திரத்தைத் தடுத்துப் பின்னால் நிற்கிறது. இதைக் கிள்ளியின் தகப்பன் தித்தன் கண்ணால் பார்க்க வேண்டும் என்று புலவர் ஆசைப்படுகிறார். தகப்பனுக்கும் மகனுக்கும் ஆகாது. பி.டி. சார் அந்தக் காலின் நிலையைக் கேட்டுவிட்டுக் குழியில் இறங்கி அப்படியே செய்து பார்த்தார். "பாடினவருக்குக் குஸ்தி தெரியும்" என்றார். ஆசிரியர்கள் இருவரும் வெகுநேரம் பேசிக்கொண்டிருந்தார்கள்.

பல வருடங்கள் கழித்து எனக்குப் புனேயில் வேலை கிடைத்தது. ஊருக்கு வருகிற பஸ் கராடு, கோலாப்பூர், பெல்காம், ஹூப்ளி, பெங்களூர் வழியாகத்தான் வரும். இந்த நெடுஞ்சாலை நம் கிருஷ்ணகிரியைத் தொட்டுக்கொண்டு சென்னைக்குப் போகிறது. ஒரு தடவை கராடில் இறங்கினேன். கிருஷ்ணாவும் கொய்னாவும் நேருக்கு நேராக வந்து சேரும் ஊர். சுற்றிலும் கரும்பு. எங்கள் கொல்லைமேட்டுக் காய்ச்சலைப் பார்த்து வளர்ந்த கண்ணுக்கு அந்தப் பச்சை ஒட்டவில்லை. கோலேஷ்வருக்கு வழி கேட்டதும் பஸ் நிலையத்தில் இருந்த பெரியவர், "பயில்வான் ஊருக்கா?" என்றார். அவர்தான் ஜாதவின் கடைசிக் காலத்தைச் சொன்னார்.

1955இல் போலீசில் சப்-இன்ஸ்பெக்டராகச் சேர்ந்தார். முழங்கால் அடிபட்டதால் 1956 மெல்பர்ன் ஒலிம்பிக்ஸுக்குப் போக முடியவில்லை. காவல் துறையிலேயே இருபத்தேழு வருடம் ஓட்டி, உதவி கமிஷனராக ஓய்வு பெற்றார். ஓய்வூதியத்துக்கு அலைய வேண்டியிருந்தது. 1984 ஆகஸ்ட் 14 அன்று சாலை விபத்தில் இறந்துபோனார்.

தேதியைக் கேட்டதும் எனக்கு நெஞ்சு அடைத்துவிட்டது. லாஸ் ஏஞ்சலஸ் ஒலிம்பிக்ஸ் முடிந்தது ஆகஸ்ட் 12. வேப்ப மரத்தடியில் சார் அவர் கதையைச் சொல்லி வாரம்கூட ஆகியிருக்காது. பேப்பர் படித்த எங்கள் டீக்கடைக்கு அந்தச் செய்தி வந்து சேரவே இல்லை. வந்திருந்தால் சார் அன்று பள்ளிக்கு விடுமுறை கேட்டிருப்பார்.

உயிரோடு இருந்தவரை அர்ஜுனா விருதுகூட அவருக்குக் கிடைக்கவில்லை. இறந்து பதினாறு வருடம் கழித்து, 2000ஆம் ஆண்டுக்கான விருதாக அது வந்தது. அவருக்குப் பிறகு அடுத்த தனிநபர் மெடலுக்கு நாடு நாற்பத்து நான்கு வருடம் காத்திருந்தது. 1996இல் அட்லாண்டாவில் லியாண்டர் பயஸ் டென்னிஸில் வாங்கினார். குஸ்தியில் அடுத்த மெடல் 2008இல் பெய்ஜிங்கில், சுஷில் குமாருக்கு. தில்லியில் இந்திரா காந்தி விளையாட்டு வளாகத்தின் மல்யுத்த அரங்குக்கு ஜாதவ் பெயரை வைத்தது 2010 காமன்வெல்த் போட்டியின்போது. ஜாதவ் வெண்கலம் வாங்கிய 1952இல் ஜப்பானுக்குக் கிடைத்த ஒரே தங்கம் இஷியின் தங்கம்தான். அதைப் பிடித்துக்கொண்டு அவர்கள் உலகத்தின் பெரிய மல்யுத்த நாடாக ஆனார்கள். நம் கையிலும் அன்று ஒரு வெண்கலம் இருந்தது. நாம் அதை எடுத்து ஓரமாக வைத்துவிட்டோம்.

பாரிஸ் ஒலிம்பிக்ஸை 2024இல் செல்போனில் பார்த்தேன். 50 கிலோ பிரிவு இறுதிப் போட்டிக்கு வந்த வினேஷ் போகாட் 100 கிராம் கூடுதல் எடையால் தகுதி இழந்த அன்று எனக்குச் சோறு இறங்கவில்லை. இரண்டு நாள் கழித்து, 21 வயது அமன் ஷெராவத் பத்து மணி நேரத்தில் 4.6 கிலோ எடையைக் குறைத்துவிட்டு வந்து வெண்கலம் வாங்கினார். அவர் பிரிவு 57 கிலோ. ஜாதவின் அதே எடை. இரவெல்லாம் அமனுக்குப் பக்கத்தில் பயிற்சியாளர்கள் இருந்தார்கள், ஓடும் இயந்திரம் இருந்தது, வெந்நீர்க் குளியல் இருந்தது, எடையை மணிக்கு மணி பார்க்க ஆள் இருந்தது. அதைப் பார்த்து எனக்குப் பொறாமை இல்லை, நிம்மதிதான். அரை மணி நேரம் ஓய்வு கேட்டு வாதாட ஓர் ஆள்கூட இல்லாமல் ஹெல்சிங்கியில் நின்றவரை நினைத்துக்கொண்டேன், அவ்வளவுதான்.

சார் இப்போது இல்லை. தர்மபுரியில் நான் இருக்கும் தெருவுக்குப் பக்கத்திலேயே ஓர் அரசுப் பள்ளி இருக்கிறது. அங்கிருந்து கபடிக்கும் தடகளத்துக்கும் ஜூடோவுக்கும் பிள்ளைகள் மண்டல, மாநிலப் போட்டிகளுக்குப் போகிறார்கள். உடற்கல்வி ஆசிரியர்கள் இன்றும் கைக்காசைப் போட்டுத்தான் பஸ் டிக்கெட் எடுக்கிறார்கள். இந்த நிலை தர்மபுரிக்கு மட்டும் இல்லை. உங்கள் ஊரிலும் விசாரித்துப் பாருங்கள். ஒரு பிள்ளை போட்டிக்குப் போகிறது, பணம் குறைகிறது என்று ஆசிரியர் வந்து நின்றால், ஜெயித்துவிட்டு வரட்டும் பார்க்கலாம் என்று சொல்லாதீர்கள். போவதற்கு முன்பே கொடுங்கள். தோற்றுவிட்டு வந்தாலும் அடுத்த வருடம் மறுபடி கொடுங்கள்.